மிரிஸ்ஸவில் நான் பார்க்காத திமிங்கிலம்

என் கணவருக்கு இரண்டு வாய். கொழும்பு வெள்ளவத்தை ஃபிளாட்டின் கதவைச் சாத்தினால் ஒன்று திறக்கும். பக்கத்து வீட்டு டிவியையும் அமுக்கிவிட்டுத் தமிழில் முழங்கும். வெளியே காலை வைத்தால் அது மூடிக்கொள்ளும். தெருவில், பஸ்ஸில், கடையில் என்னோடும் சிங்களம்தான். நான் மறந்துபோய்த் தமிழில் ஏதும் சொன்னால் தோளில் கிள்ளுவார். கலவரத்தில் தமிழரைத் தேடிப் பஸ்ஸை மறித்தவர்களிடம் சிங்களம் பேசி உயிர் தப்பிய மனிதர். அது எனக்கு விளங்கும். ஆனால் யுத்தமும் முடிந்துவிட்டது. இன்னும் மீன்கடையில் நின்றுகொண்டு என்னைச் சிங்களத்தில் "நோனா" என்று கூப்பிட்டால் பற்றிக்கொண்டு வராதா?

மிரிஸ்ஸக் கடலில் திமிங்கிலம் வருவதை டிவியில் காட்டிய நாளிலிருந்து எனக்கு அதே ஆசை. நச்சரித்து நச்சரித்து ஒரு சனி ஞாயிறுக்குச் சம்மதிக்க வைத்தேன். மூன்றாம் வகுப்பு ரயில், காற்றே வராத ஃபான் உள்ள அறை, இருப்பதிலேயே மலிவான படகு. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். "அங்கையும் என்னை ஊமையாக்காதேங்கோ" என்று மட்டும் சொன்னேன்.

"ஓம், ஓம்" என்றார்.

ரயில் பாணந்துறைகூடத் தாண்டவில்லை. "கடல் எவ்வளவு வடிவு, பாருங்கோ" என்றேன். கிள்ளினார்.

"மெல்லக் கதையும்" என்று சிங்களத்தில் முணுமுணுத்தார்.

"ஏன், கடலுக்குத் தமிழ் விளங்காதோ?"

எதிரே இருந்த சிங்களப் பெண்மணி சிரித்துக்கொண்டு எங்களுக்கு இறால் வடை நீட்டினார். அவரோடு இவர் நாங்கள் இறங்கிய வெலிகம வரை மழையைப் பற்றிப் பேசினார். என்னோடு ஒரு சொல் இல்லை. இறங்கித் தனியாகத் திரும்பிவிடலாமா என்றிருந்தது. திமிங்கிலத்துக்காகப் பொறுத்தேன்.

மறுநாள் காலை படகில் டீசல் மணம் வயிற்றைப் பிரட்டியது. பின்பக்கக் கம்பியைப் பிடித்தபடி வாந்திப் பைக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன். இவர் பக்கத்தில் நின்றார். முன்பக்கம் டொல்ஃபின் துள்ளுகிறதென்று சனம் முழுக்க அங்கே ஓடிவிட்டது. அந்த நேரம் பார்த்துத் தோளில் கிள்ளினார். ஒரு தரமில்லை, திரும்பத் திரும்ப. ஓங்காளிக்கிற சத்தத்துக்கும் தடையா, அறுவானே என்று மனதுக்குள் திட்டிக் கையைத் தட்டிவிட்டு இன்னும் குனிந்தேன். நிமிர்ந்தபோது வெறும் தண்ணீர். திமிங்கிலம் இல்லாமலே கரைக்கு வந்தோம்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதுதான் தாமதம், பையைக்கூட இறக்கவில்லை, அந்த மற்ற வாய் திறந்தது.

"ஐயோ, என்ன பெருசப்பா! பஸ் மாதிரி முதுகு! எங்களுக்குப் பின்னாலை எழும்பி, வாலைத் தூக்கிக் காட்டிப்போட்டெல்லோ போனது!"

இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

"கண்டனீங்களோ? அப்ப ஏன் என்னைக் கூப்பிடேல்லை? வாயிலை கொழுக்கட்டையோ? சிங்களத்திலையாவது கத்தியிருக்கலாமே!"

கை இரண்டும் கீழே இறங்கின.

"சிங்களம் வரேல்லை. தமிழ்தான் வந்தது. விழுங்கிப்போட்டன். அதுதானே கிள்ளினனான்."

கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கிள்ளலுக்கு என்னிடம் ஒரே அர்த்தம்தான், வாயை மூடு. நான் கத்தத் தொடங்கினேன். அவர் யன்னலைச் சாத்தப் போனார். முந்திக்கொண்டு போய் அதை அகலத் திறந்துவிட்டு, மிச்சத்தையும் கத்தினேன்.