திருநாவுக்கரசின் கப்பல் கதை

கடலூர் செம்மண்டலம் திருநாவுக்கரசுக்குச் சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை. சார்லஸ் இருந்தார். அதுதான் அவருக்கு இருந்த ஒரே நோய்.

இருவரும் மஞ்சக்குப்பத்தில் ஒரே அலுவலகத்தில் கண்காணிப்பாளர்களாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். பிறகு ஞாயிறுதோறும் அரசு ஊழியர்களுக்குத் துறைத் தேர்வு வகுப்பு எடுத்தார்கள். சம்பளம், விடுப்பு, படி பற்றிய விதிகளில் தேறினால்தான் பதவி உயர்வு. திருநாவுக்கரசு தம் வீட்டு மாடியில் எடுத்தார். சார்லஸ் சிதம்பரத்தில், ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே. சிதம்பரத்தில் உட்கார இடம் கிடைக்காது. செம்மண்டலத்தில் மூன்றே பேர். அதில் ஒருவர் மின்விசிறிக்காக வருகிறாரோ என்று சந்தேகம்.

புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம் என்கிற தேர்வு அது. எந்த விதி எந்தப் பக்கம் என்று காகிதத் துண்டு ஒட்டிக் கொடுத்தால் பிள்ளைகள் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். திருநாவுக்கரசு ஒட்டமாட்டார். விதி எப்படிப் பிறந்தது என்று தெரிய வேண்டாமா என்று கப்பலில் ஆரம்பிப்பார். வெள்ளைக்கார அதிகாரி ஊர் போய்ச் சேர மாதக்கணக்கில் கடலில் கிடப்பான். அதனால் அவனுக்கு நீண்ட விடுப்பு. ரூபாயின் மதிப்பு இறங்கியபோது, லண்டனுக்கு அனுப்பும் பணம் சுருங்குகிறதே என்று அழுதான். ஈடுகட்ட ஒரு படி கொடுத்தார்கள். அவனுக்கு உழைத்த நம்மூர்க் குமாஸ்தாவுக்கு அந்தப் படியும் இல்லை, அந்த விடுப்பும் இல்லை. இதைச் சொல்கையில் அவருக்குக் குரல் கம்மும். கேட்பவர்களுக்குக் கொட்டாவி வரும்.

மருமகள் சுவேதா, இளநிலை உதவியாளர், இந்தக் கதையைக் கேட்டுவிட்டுப் போய் இரண்டு முறை தோற்றாள். இந்த முறையும் தோற்றால் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர்கள் அவளை முந்திவிடுவார்கள். கொஞ்ச நாளாக அவள் ஞாயிறானால் நடராசர் கோயிலுக்குப் புறப்பட்டுவிடுகிறாள். வேறு வழி தெரியாமல் சாமியைப் பிடித்திருக்கிறாள் என்று அவரும் விட்டுவிட்டார்.

ஒரு ஞாயிறு, காய்ச்சல் என்று சொல்லி வகுப்பை ரத்து செய்துவிட்டு அவரும் சிதம்பரம் பேருந்தில் ஏறினார். சார்லஸ் அப்படி என்ன சொக்குப்பொடி போடுகிறான் என்று கண்டே ஆக வேண்டும். முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு கடைசி பெஞ்சில் ஒண்டினார். சார்லஸ் சொல்லிக்கொண்டிருந்தது கப்பல் கதை.

"தொரை பாதி லீவைக் கடல்லயே கழிச்சிட்டு வூட்டுக் கதவைத் தட்றாரு. சம்சாரம் தொறந்து பாக்குறா." சார்லஸ் நிறுத்தினார். "நீங்க யாருங்குறா."

அறையே சிரித்தது.

"ரூவா எறங்கிப் போச்சு, தொரைக்குப் படி குடுத்தாச்சு. நம்ம குமாஸ்தா, அப்ப எனக்குன்னு கேட்டான். நீ எங்கய்யா கப்பல் ஏறப் போற, பக்கத்துல குறிஞ்சிப்பாடிக்குத்தான போறன்னுட்டாங்க."

திருடன் என்று கத்த எழுந்தேவிட்டார் திருநாவுக்கரசு. அதற்குள் சார்லஸ் சொன்னார்: "இது எங்கதை இல்லப்பா. கடலூர் திருநாவுக்கரசு சார் சொன்னது. அவரு மாதிரி வெவரமான ஆளு ஜில்லாவுலயே கெடையாது."

எல்லாரும் கை தட்டினார்கள். திருநாவுக்கரசு அப்படியே உட்கார்ந்துவிட்டார். திருடியிருந்தால் நிம்மதியாகத் திட்டியிருக்கலாம். பேரைக் கொடுத்துவிட்டான், சிரிப்பை மட்டும் வைத்துக்கொண்டான். இரண்டாவது வரிசையில் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்த பெண்ணை அப்போதுதான் பார்த்தார். அவள் புத்தகம் முழுக்கக் காகிதத் துண்டுகள். சுவேதா.

வகுப்பு முடியுமுன் நழுவி வீட்டுக்கு வந்துவிட்டார். மாலையில் அவள் நெற்றி நிறைய விபூதியோடு வந்தாள்.

"தரிசனம் நல்லா கெடச்சுதாம்மா?"

"கெடச்சுது மாமா. கூட்டந்தான் ஜாஸ்தி."

அந்தக் கூட்டம் அவரைச் சுருக்கென்று குத்தியது. திட்டலாம், இனி அங்கே போகாதே என்று சொல்லிவிடலாம். ஆனால் பரீட்சைக்கு இரண்டு வாரம்கூட இல்லை.

"அடுத்த ஞாயித்துக்கெழமையும் போ," என்றார். "அதுக்கு முன்னாடி இங்க வந்து ஒக்காரு. தொரையம்மா கதவைத் தொறந்ததும் எவ்ளோ நேரம் பேச்சை நிறுத்துனான் அந்தச் சார்லஸு? அதே மாதிரி ஒருதரம் எனக்குச் சொல்லிக் காட்டு."