பால் பொங்கிய அடுத்த கிராமம்

சித்திரையில் எங்கள் புதுவீட்டுக்குக் குடிபூரல். வீடு இருப்பது ஜெர்மனியில் ஒரு கிராமத்தில், ஆனால் முகவரியில் அதன் பெயர் வராது. சுற்றியிருந்த கிராமங்களையெல்லாம் நான் பிறக்கும் முன்பே பக்கத்து நகரசபையோடு சேர்த்துவிட்டார்கள். எல்லோருக்கும் நகரத்தின் பெயர்தான். தெருப் பெயர்களை மட்டும் எந்தக் கிராமமும் விட்டுக்கொடுக்கவில்லை. எங்களுடையது தேவாலயத் தெரு, இலக்கம் ஏழு. அதே பெயரில் இன்னொரு தெரு இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பால் காய்ச்சவென்று லண்டனிலிருந்து அண்ணாவும் மச்சாளும் வந்திருந்தார்கள். காலையில் ஹோட்டலிலிருந்து வாடகைக் காரில் புறப்பட்டவர்களை, நல்ல நேரம் முடியப்போகிறது, இன்னும் காணவில்லை. போன் எடுத்தேன்.

“மச்சாள், எங்கை நிக்கிறியள்?”

“உங்கடை வீட்டிலைதான். நேரம் போகுதெண்டு பாலைக் காய்ச்சிப்போட்டன். வடிவாப் பொங்கினது. நீங்கள் எல்லாரும் எங்கை போட்டியள்?”

“நான் வீட்டுக்குள்ளைதான் நிக்கிறன்!”

“நானும் வீட்டுக்குள்ளைதான்!”

“கதவு ஆர் திறந்தது?”

“இஞ்சை ஒரு வயசான வெள்ளைக்காரர். நீங்கள்தான் ஒழுங்குபண்ணி விட்டிருக்கிறியளாக்கும் எண்டு நினைச்சன். நல்ல மனிசன்.”

ஓடைக்கு அப்பால் அடுத்த கிராமத்துக்குக் காரை விட்டேன். அங்கேயும் ஒரு தேவாலயத் தெரு, இலக்கம் ஏழு. சமையலறையில் அந்த முதியவர் சூடான பாலை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். பால் பானையோடு வந்தவர்களின் பாஷை விளங்காததால் அடுப்பைக் காட்டிவிட்டாராம். நான் மன்னிப்புக் கேட்டேன். அவருக்கோ சிரிப்பு அடங்கவில்லை.

“ஓடைக்கு அந்தப் பக்கமா நீங்கள்? அந்தக் காலத்தில் அது ஒரு பிரபு ஆண்ட ஊர். இது கத்தோலிக்க ஆயர் ஆண்ட ஊர். இரண்டும் ஒரே நகரம் என்பதெல்லாம் காகிதத்தில்தான். நான் இதுவரை அங்கே ஒரு வீட்டிலும் சாப்பிட்டதில்லை.”

அண்ணாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன்.

“அப்ப இண்டைக்குச் சாப்பிட வரச்சொல்லு,” என்றார் அவர்.

கிழவர் உடனே தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

நல்ல நேரம் அவர் வீட்டிலேயே முடிந்துபோனது. மிச்சப் பாலை எங்கள் வீட்டில் இன்னொரு தடவை பொங்கவைத்துவிட்டு வாழையிலை போட்டோம். அவருக்குப் பக்கத்தில் எங்கள் அயல்வீட்டு ஜெர்மன் அம்மா. ஓடைப் பாலம் எந்த ஊருக்குச் சொந்தம் என்று இருவரும் தொடங்கினார்கள். அந்த அம்மா வீட்டுக்கு ஓடிப்போய்ப் பழைய வரைபடம் ஒன்றைக் கொண்டுவந்து சாம்பாருக்குப் பக்கத்தில் விரித்தார்.

“சண்டையே?” என்றார் மச்சாள்.

“இல்லை மச்சாள், பாலம் ஆருக்குச் சொந்தமெண்டு கதைக்கினம்.”

மச்சாள் இருவரின் இலையிலும் இன்னொரு வடை வைத்தார்.

பின்னேரம் வரை பாலம் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. புறப்படும்போது கிழவர், வரும் ஞாயிறு தன் வீட்டில் ஆப்பிள் கேக் என்று எங்களை அழைத்தார். பிறகு கொஞ்சம் தயங்கி அந்த அம்மாவையும் அழைத்தார்.

“வருகிறேன்,” என்றார் அந்த அம்மா, வரைபடத்தை மடித்தபடி.