முகர்ந்து பார்க்காமல் வாங்கிய கார்

பழைய கார் வாங்கி விற்கும் அவருக்குத் தொழில் வட்டாரத்தில் மூக்கர் என்றுதான் பெயர். மூக்கு என்னவோ சாதாரண மூக்குதான். ஆனால் எந்தக் காரை வாங்கப் போனாலும் முதல் வேலையாக சீட் பெல்ட்டை அடிவரை உருவி, அதன் முனையை முகர்ந்து பார்ப்பார். வெள்ளத்தில் நின்ற வண்டியை என்னதான் கழுவி மினுக்கினாலும், உள்ளே சுருண்டு கிடக்கும் அந்த முனையில் சேற்று வாடை போகாது. முகர்வதெல்லாம் வாங்கும்போதுதான். விற்கும்போது பெல்ட் பக்கமே கை போகாது. கேட்பவருக்குப் பதில் உண்டு, கேட்காதவருக்குக் காபி உண்டு.

அப்பேர்ப்பட்டவரின் மகள், பல் டாக்டர், தன் முதல் காராக ஒரு பழைய காரை, ஆன்லைனில் விற்கும் கம்பெனி ஒன்றில், போனிலேயே படம் பார்த்துப் பதிவு செய்துவிட்டாள். மூக்கருக்குச் சுருக்கென்றது. சொந்தக் கடையில் வரிசையாக வண்டிகள் நிற்க, மகள் வெளியே வாங்கினால் நாலு பேர் என்ன பேசுவார்கள்? ஆனால் கோபத்தைவிடக் குறுகுறுப்புதான் அதிகம். படத்தைப் பார்த்து எப்படிக் கார் வாங்குவது? படத்தில் வாடை வருமா?

கார் வாசலுக்கே வந்தது. டிரைவர் இறங்கியதுதான் தாமதம், மூக்கர் உள்ளே புகுந்து பெல்ட்டை உருவினார். வாடையே இல்லை. மறுபக்கமும் முகர்ந்தார். கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டினார். பின்கதவில் மட்டும் சத்தம் மாறியது.

"இது அடிபட்ட கதவுதானே?" என்றார் உற்சாகமாக.

"ஆமா சார். தட்டி பெயின்ட் அடிச்சது. மேடத்துக்கு முதல்லயே படம் அனுப்பிட்டோம். ஏசியும் கொஞ்சம் மெதுவாத்தான் குளிரும்."

மூக்கர் வாயைப் பிளந்தார். "குறையை நீங்களே சொன்னா எவன் தம்பி வாங்குவான்?"

"நான் வாங்கறேனேப்பா" என்றாள் மகள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். "உங்களுக்கு மனசு கஷ்டமா இருந்தா இதைத் திருப்பி அனுப்பிடறேன். நம்ம கடையில எனக்குன்னு ஒரு வண்டி சொல்லுங்க. நான் எதுவும் கேக்க மாட்டேன்."

கேட்கமாட்டாளாம். மூக்கர் மனதுக்குள்ளேயே கடையை ஒரு சுற்று சுற்றினார். வெள்ளை வண்டி கியர் மாற்றும்போது முனகும். சிவப்பு வண்டி ஓடிய தூரத்தை அவரே மீட்டரில் குறைத்து வைத்திருக்கிறார். நீல வண்டியின் பெல்ட்டை உருவாமல் இருப்பதே நல்லது. மகளோ தினமும் நெடுஞ்சாலையில் போய் வரவேண்டியவள்.

டிரைவர் சாவியோடு காத்திருந்தார்.

"வாங்கிக்கோம்மா" என்றார் மூக்கர். "நல்ல வண்டி."

நாள் தவறாமல் அவர் சொல்லும் வார்த்தைதான். மனதாரச் சொன்னது அன்றுதான்.