அரக்குப் புடவைக்கு இரண்டு பிரிண்ட்

ஜெயசுதாவை அந்தக் கடையில் யாருக்கும் பிடிக்காது. அவளுக்கும் அங்கே யாரையும் பிடிக்காது. ஆறு வருடமாக இது இரு தரப்புக்கும் ஒத்துப்போயிருந்தது.

வில்லியனூர் மெயின் ரோட்டில் கல்யாண ஆல்பம் அச்சடிக்கிற கடை அது. முன்பக்கம் முதலாளி உலகநாதனின் மேசையும் அவருடைய கம்ப்யூட்டரும். பின்னறையில் பிரிண்டிங் மெஷினும் ஜெயசுதாவின் கம்ப்யூட்டரும். கரிக்கலாம்பாக்கத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்குவாள். ஸ்டுடியோக்காரர்கள் அனுப்பும் படங்களின் நிறத்தைச் சரிசெய்து மெஷினுக்கு அனுப்புவது அவள் வேலை. பேசினால் இரண்டு வாக்கியம்தான். இரண்டாவது பெரும்பாலும் குத்தும்.

பகைக்குப் பெரிய காரணம் ஒரு கருவி. மவுஸ் அளவில் இருக்கும். அதைத் திரையின் மேல் தொங்கவிட்டால் கம்ப்யூட்டர் ஒவ்வொரு நிறமாகக் காட்ட, கருவி அளந்து திரையின் தப்பைத் திருத்தும். அதன் பிறகு திரையில் பார்ப்பதும் தாளில் வருவதும் ஒன்றாக இருக்கும். ஒரு வருடம் நச்சரித்து அவள் வாங்க வைத்தது. மாதம் ஒருமுறை வைப்பாள். டிசைனர் ராஜேஷ் அதற்கு ஸ்டெதஸ்கோப் என்று பெயர் வைத்திருந்தான்.

"இன்னா டாக்டரம்மா, பேஷன்ட்டுக்கு ஜுரமா?"

"பேஷன்ட் நல்லாத்தான் இருக்குது. பக்கத்துல நிக்கிறவங்களுக்குத்தான் கண்ணு போயிடுச்சு."

உலகநாதன் தன் திரையைக் கருவி தொட விட்டதில்லை. அவருக்கென்று ஒரு முறை இருந்தது. பிரிண்டைக் கையில் எடுத்துக்கொண்டு கடை வாசலுக்குப் போவார். "வெளிச்சத்துல பாத்தாத்தான் தெரியும்" என்பார். வாசலில் வெயிலுக்காகப் போட்ட பச்சை பிளாஸ்டிக் ஷீட் இருந்தது. அதன் கீழே நிற்கிற எல்லோரும் காமாலை வந்தவர்கள் மாதிரித் தெரிவார்கள். அங்கே பிரிண்ட் செத்துப்போய்த் தெரியும். உள்ளே வந்து சிவப்பைக் கூட்டுவார். திரையையும் அந்தக் கணக்கில்தான் வைத்திருந்தார்.

ஜெயசுதா ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "அண்ணா, பச்சை ஷீட்டுக்குக் கீழ பாத்துட்டு செவப்பு ஏத்துறீங்க. அவங்க வூட்ல பச்சை ஷீட் இல்ல."

"நீ பொறந்தப்பவே நான் கேமரா தோள்ல போட்டுக்கினு சுத்துனவன்மா. போய் வேலையப் பாரு."

போய் வேலையைப் பார்த்தாள். ஆனால் ஒவ்வொரு ஆல்பத்திலும் முக்கியமான ஒரு படத்தைத் தான் சரிசெய்த நிறத்தில் சின்னதாக அச்சடித்து, தேதி போட்டு, ஆர்டர் கவருக்குள் வைத்துவிடுவாள். காகிதம் வீணாகிறது என்று உலகநாதன் அதற்கும் கத்துவார்.

மடுகரை மாரிமுத்துவின் மகள் ஜெயப்பிரியாவை வைகாசியில் பாகூரில் கட்டிக்கொடுத்தார்கள். அந்த ஆல்பத்தையும் ஜெயசுதா முடித்து, தாலி கட்டுகிற படத்தின் சின்னப் பிரிண்டைக் கவருக்குள் வைத்தாள். அடுத்த நாள் ஞாயிறு, அவளுக்கு லீவு. உலகநாதன் ஒரு பக்கத்தைப் பச்சை ஷீட்டுக்குக் கீழே பிடித்துப் பார்த்தார். புடவை எடுபடவில்லை என்று தோன்றியது. முழு ஆல்பத்துக்கும் சிவப்பை ஏற்றி, அவரே அச்சடித்து பாகூருக்கு அனுப்பிவிட்டார்.

பத்து நாள் கழித்து, காலை பதினோரு மணிக்கு இரண்டு பெண்கள் கடைக்கு வந்தார்கள். ஒருத்தி மாப்பிள்ளையின் அக்கா மஞ்சுளா, கையில் ஆல்பம். இன்னொருத்தி பெண்ணின் அம்மா அமுதம், கையில் துணிப்பை. ஒரே ஆட்டோவில் வந்தும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மஞ்சுளா ஆல்பத்தை மேசையில் போட்டாள். "நாங்க எடுத்துக் குடுத்த கூரைப்புடவை அரக்கு. இதுல பொண்ணு கட்டிக்கினு இருக்கறது மொளகாப்பழ செவப்பு. நல்ல புடவைய மாத்திட்டு, இன்னாத்தையோ கட்டி உட்டுருக்காங்க. கேட்டா இல்லன்றாங்க."

அமுதம் பையிலிருந்து புடவையை எடுத்து உதறினாள். "இதோ இருக்குது. இததான் எம்பொண்ணு கட்டனா."

"இப்போ யாரு வேணா காட்டலாம் அத்தை. அன்னிக்குக் கட்டனது எதுன்னு போட்டோவே சொல்லுதே."

"நாலு நாளா எம்பொண்ணு எங்கூட்ல வந்து உக்காந்துக்கினு அழுவுறா. திருட்டுக் கும்பல்னு சொன்னியாமே நீ?"

உலகநாதன் எழுந்து பின்னறைக்கு வந்தார். குரலைத் தாழ்த்தினார். "சுதா, வெளிய வா. ஸ்கிரீன்ல மாட்டற அந்த மெஷின் வெச்சதுல கலர் மாறிப்போச்சு, என் தப்புதான்னு சொல்லு. நான் வேற போட்டுக் குடுத்துடறேன்."

"அது நான் போட்ட கலர் இல்ல."

"தெரியும். என் தப்புன்னு நானே சொன்னா நாளைக்கு எவன் ஆர்டர் குடுப்பான்? சொல்லு. இல்லனா நாளைலேர்ந்து வராத."

ஜெயசுதா அலமாரியில் மடுகரை கவரைத் தேடி எடுத்தாள். அதற்குள் உலகநாதன் முன்னால் போய், "உள்ள ஒரு பொண்ணு இருக்குது, ஒரு மெஷின வெச்சு எல்லாத்தையும் கெடுத்து வெச்சிருக்குது" என்று ஆரம்பித்துவிட்டார்.

"புடவையையும் ஆல்பத்தையும் எடுத்துக்கினு வெளிய வாங்க" என்றாள் ஜெயசுதா.

வாசலில் பச்சை ஷீட்டுக்குக் கீழே நின்றார்கள். அங்கே புடவை கருகியது போலத் தெரிந்தது. ஆல்பத்தில் இருந்த புடவை அரக்காகத் தெரிந்தது. அமுதம் புடவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பாத்தீங்களா, வேற வேற புடவை" என்றாள் மஞ்சுளா.

"இது வெளிச்சம் இல்ல. ரோட்டுக்கு வாங்க."

வெயிலில் போய் நின்றார்கள். ஒரு டிராக்டர்காரன் ஹாரன் அடித்தான், ஜெயசுதா நகரவில்லை. அமுதம் புடவையை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்தாள். வெயிலில் அது அரக்கு. பக்கத்தில் ஆல்பம் மிளகாய்ப்பழம். ஜெயசுதா கவரிலிருந்து சின்னப் பிரிண்டை எடுத்துப் புடவையின் மேல் வைத்தாள். துணி எங்கே முடிகிறது, தாள் எங்கே தொடங்குகிறது என்று உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது.

"இது வேற போட்டோ" என்றாள் மஞ்சுளா.

"ஒரே போட்டோ. பின்னாடி கொட்டாவி வுடறவரைப் பாருங்க, ரெண்டுலயும் இருக்காரு."

மஞ்சுளா குனிந்து பார்த்தாள். "எங்க பெரியப்பா."

"உங்க பெரியப்பா ஒரு கொட்டாவிதான் வுட்டாரு. கலர்தான் ரெண்டு தடவ போட்டிருக்குது. மொத தடவ நான். ரெண்டாவது தடவ அவரு."

மஞ்சுளா மெதுவாக, வாசலில் நின்ற உலகநாதன் பக்கம் திரும்பினாள். அதன் பிறகு அவள் பேசியதைப் பக்கத்து டீக்கடையில் நின்றவர்களும் கேட்டார்கள். அவள் மூச்சு வாங்குகிற இடத்தில் அமுதம் புகுந்தாள்.

"அவர அப்பறமா திட்டு. எம்பொண்ணுக்கு போன் போடு."

"ஆல்பம் சரியா வரட்டும் அத்தை, பேசிக்கலாம்."

"இப்பவே போடு. என் முன்னாடி போடு. ஊர் பூரா சொல்லத் தெரிஞ்சுதில்ல?"

நடு ரோட்டில் நின்றபடியே மஞ்சுளா போன் போட்டாள். "கலர் தப்பு ஜெயப்பிரியா. கடைக்காரன் தப்பு" என்றாள். மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. அமுதம் அதைக் கவனித்தாள். புடவையை மடிக்கிற வேகத்தில் அது தெரிந்தது.

"இந்தப் பொண்ணு போட்ட கலர்லயே முழு ஆல்பமும் வேணும்" என்றாள் மஞ்சுளா.

"நாளைலேர்ந்து வராதன்னு சொல்லிட்டாரு. அவரையே போடச் சொல்லுங்க" என்றாள் ஜெயசுதா.

டீக்கடையில் நின்றவர்கள் உலகநாதனைப் பார்த்தார்கள். அவர் சிரிக்க முயன்றார். "கோவத்துல ஒரு வார்த்தை வந்துடுச்சு. அதுக்கு இன்னா இப்போ? போய் போடும்மா."

"முன்னாடி இருக்கற ஸ்கிரீனுக்கும் மெஷின் வைப்பேன். அப்பறமாத்தான் போடுவேன்."

அடித்துவிடுவார் போல நின்றார். "வை. வெச்சுத் தொலை."

கருவியை எடுத்துவந்து அவர் திரையில் தொங்கவிட்டாள். சிவப்பு, பச்சை, நீலம், சாம்பல் என்று திரை மாறிக்கொண்டே இருந்தது. பத்து நிமிடம் கழித்து முடிந்தபோது அந்தத் திரையின் பளபளப்பு போயிருந்தது.

"சாக்கடைத் தண்ணி மாதிரி ஆக்கிட்டா" என்றார் உலகநாதன், ராஜேஷிடம்.

அன்றிலிருந்து அவர் ஜெயசுதாவிடம் நேராகப் பேசுவதில்லை. "ராஜேஷ், அந்தம்மாகிட்ட சொல்லு, திருக்கனூர் ஆர்டர் அவசரம்னு" என்பார். அவள் நான்கு அடி தூரத்தில் இருப்பாள். "ராஜேஷ், அவர்கிட்ட சொல்லு, காலைலயே அனுப்பிட்டேன்னு" என்பாள். நடுவில் நின்றே ராஜேஷுக்கு அலுத்துவிட்டது. டாக்டரம்மா என்று கூப்பிடுவதைக்கூட விட்டுவிட்டான்.

புது ஆல்பத்தை வாங்க மஞ்சுளாவும் ஜெயப்பிரியாவும் வந்தார்கள். புடவை ஜெயப்பிரியாவின் தோளில் கிடந்தது. ரோட்டு வெயிலில் நின்று மஞ்சுளா ஒவ்வொரு பக்கமாகத் தட்டிப் பார்த்தாள். ஜெயப்பிரியா ஆல்பத்தைப் பார்க்கவில்லை. மஞ்சுளாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பக்கம் வரை ஒரு குறையும் அகப்படவில்லை. மஞ்சுளா திரும்பவும் பத்துப் பக்கம் பின்னால் போனாள்.

"இதுல எங்கம்மா கண்ண மூடிக்கினு இருக்காங்க."

"அதப் படம் புடிச்சவன்கிட்ட போய்க் கேளுங்க" என்று சொல்லிவிட்டு ஜெயசுதா பின்னறைக்குப் போனாள்.