வெள்ளைக்குப் பிறகு வரும் நிறங்கள்

ஒக்ரோபர் பதினான்காம் திகதி, செவ்வாய்க்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். தேநீர் ஊற்றினேன், மதியச் சாப்பாட்டைப் பெட்டியில் போட்டேன், அலுமாரியின் இடது பக்கத்திலிருந்து ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்து உடுத்தேன். வசந்தத்தில் என் கணவர் இறந்த பிறகு அலுமாரியின் வலது பக்கத்தை நான் திறக்கவில்லை. திறக்கக்கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள் வெள்ளை உடுத்தேன். மறுநாளும் அதுவே கைக்கு வந்தது. ஸ்காபரோவிலிருந்து மிசிசாகாவுக்கு வாகன நெரிசலில் ஊர்ந்து போய், களஞ்சியத்தைத் திறந்து, ஈரப்பதமானியைப் பார்த்து, அன்றைக்கு வெளியே போகவேண்டிய உடைகளைத் தேடத் தொடங்கினேன். முதலாவதாக இருந்தது, கறுப்பு நாடா வைத்துத் தைத்த ஓர் இளம் ஊதாக் கவுன்.

எங்கள் களஞ்சியம் திரைப்படங்களுக்கும் நாடகங்களுக்கும் பழைய காலத்து ஆங்கில உடைகளை வாடகைக்குக் கொடுக்கிறது. கழுத்தைச் சுற்றித் தட்டுப்போல நிற்கும் மடிப்புக் கொலர்கள் கிழக்குச் சுவரில் தொடங்கும். பிறகு இடுப்பிலிருந்து இருபக்கமும் விரிந்த பாவாடைகள், மார்புக்குக் கீழே நேராக விழும் மெல்லிய கவுன்கள், கூண்டு வைத்த பாவாடைகள், பின்பக்கம் மட்டும் புடைத்தவை என்று போய், முழங்கால் தெரியும் குட்டைச் சட்டைகளோடு மேற்குக் கதவருகில் முடியும். இங்கிலாந்தின் நாலு நூற்றாண்டுகளை ஒரு தேநீர் ஆறுவதற்குள் நடந்து முடித்துவிடலாம். இவற்றை ஒழுங்காக வைத்திருப்பது என் பொறுப்பு. எது எங்கே தொங்குகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனால் இந்த ஊதாக் கவுன் ஒருமுறை பிழையான இடத்தில் தொங்கியது. அதைத் தொங்கவிட்டவர் என் மச்சாள்.

மச்சாள் என் அண்ணனின் மனைவி. அண்ணன் ஒரு தை மாதத்தில், காரைச் சுற்றிப் பனி வழித்துக்கொண்டிருந்தபோது மாரடைப்பால் விழுந்தார். பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஒரே மகளோடு மச்சாள் ஓர் அடுக்குமாடி வீட்டில் தனித்துப்போனார். வீட்டுக்குள்ளேயே இருந்தால் சரிவராது என்று நான்தான் அவரை எங்கள் களஞ்சியத்துக்குக் கூட்டிவந்தேன். சுருக்கம் எடுப்பதும், கழன்ற கொக்கிகளைத் தைப்பதும், திரும்பி வரும் உடைகளை அவற்றின் இடத்தில் மாட்டுவதும் அவருடைய வேலை. நல்ல வாய்க்காரி. இடுப்பை இறுக்க உள்ளே எலும்புக் கம்பி வைத்த கோர்செற்றை முதன்முதல் தூக்கிப் பார்த்துவிட்டு, “உதைப் போட்டுக்கொண்டு அவளவை சோறு எப்பிடித் திண்டவளவை?” என்று கேட்டார். அப்படிப்பட்ட மனுஷி தான் உடுப்பதில் மட்டும் வாய் திறக்கமாட்டார். எப்போதும் வெள்ளை, இல்லாவிட்டால் வெளுத்து வெள்ளையாகிப் போன ஒன்று. கடும்பனியிலும் வெள்ளைக் கம்பளிச் சட்டைதான். பனிக்குவியலோடு நின்றால் ஆளைக் கண்டுபிடிக்க ஏலாது என்று மகள் பகிடி விடுவாள். மச்சாள் சிரிப்பார், மாற்றமாட்டார்.

ஒருநாள் ஒரு படப்பிடிப்பிலிருந்து பெரிய தொகுதி ஒன்று திரும்பி வந்தது. உடைகளைப் பிரித்து மாட்டும்படி மச்சாளிடம் சொல்லிவிட்டு நான் வேறு வேலையில் இருந்தேன். பிற்பகல் வந்து பார்த்தால், துக்க உடைகள் தொங்கும் கம்பியில் கறுப்புக் கவுன்களுக்குப் பக்கத்தில் நாலைந்து வெள்ளை மஸ்லின் கவுன்கள். இளம் ஊதாக் கவுனோ விருந்துடைகளுக்கு நடுவில் ராசாத்தி மாதிரித் தொங்கியது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெள்ளை மஸ்லின் கன்னிப் பிள்ளைகள் கோடையில் உடுத்தது, ஊதாதான் கைம்பெண் உடுத்தது என்றேன். மச்சாள் நம்பவில்லை. அந்த ஊதாவின் விளிம்பை விரல்களால் பிடித்துக்கொண்டு, “உந்தக் கலரோ?” என்று மட்டும் கேட்டார்.

நான் விளக்கினேன். இங்கிலாந்தில் புருஷன் செத்தால் முதலில் துளி மினுக்கமும் இல்லாத கறுப்பு. மழையில் நனைந்தால் அதன் சாயம் கழுத்தில் இறங்கும். ஒரு வருடத்துக்கு மேல் அது. பிறகு கொஞ்சம் மினுக்கமுள்ள கறுப்பு, கறுப்புக் கல் வைத்த நகை. பிறகு சாம்பல். பிறகு இளம் ஊதா. அதன்பிறகு விரும்பிய நிறம். ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் ஊர் முகம் சுளிக்கும். படிப்படியாக வந்தால் ஒருவரும் ஒன்றும் சொல்லார். கடைகளில் இந்த ஒவ்வொரு படிக்கும் தனித்தனியாகத் துணி விற்றார்கள்.

மச்சாள் கேட்டுக்கொண்டே நின்றார். கடைசியில், “அப்ப அவைக்கு உது ஒருநாள் முடியும், என்ன?” என்றார்.

“ஓம் மச்சாள். ஆனா எல்லாருக்கும் இல்லை. அந்தக் காலத்து மகாராணி சாகும்வரைக்கும் கறுப்புத்தான்.”

“அவவுக்குக் கலியாணம் கட்டிக் குடுக்கப் பிள்ளையள் இல்லையோ?”

ஒன்பது பிள்ளைகள் இருந்தார்கள் என்றும், புருஷன் போனபிறகு நடந்த கலியாணங்களுக்கும் அவர் கறுப்போடுதான் வந்தார் என்றும் சொன்னேன். மச்சாள் கவுனைத் தூக்கிக்கொண்டு துக்க உடைகளின் கம்பியை நோக்கி நடந்தார். போகிற போக்கில், “பாவம் பிள்ளையள்” என்றார்.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அடுத்த குளிருக்கு மச்சாள் ஒரு சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையோடு வேலைக்கு வந்தார். சில மாதம் போக, சாம்பல் சால்வையில் ஒரு மெல்லிய ஊதாக் கோடு வந்தது. கோடையில் கோயிலுக்குச் சாம்பல் சேலையும் ஊதா விளிம்புமாக வந்தார். எங்கள் பெரியக்கா அந்தச் சேலையின் தலைப்பைத் தொட்டுப் பார்த்து, அடக்கமான கலர், எங்கே வாங்கினது என்று விசாரித்தார். மறுவருடம் சேலை முழுக்க இளம் ஊதாவாகிவிட்டது; விளிம்பில்தான் சாம்பல் மிச்சம். ஆங்கிலேயர் வைத்த ஒழுங்கிலிருந்து மச்சாள் ஒரு படிகூடத் தாண்டவில்லை. கறுப்பு இருந்த இடத்தில் எங்கள் வெள்ளையை வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

மகளுக்குக் கலியாணம் சரிவந்தபோது சிக்கல் வெளியே வந்தது. தகப்பன் இல்லாத பிள்ளையைத் தானும் அத்தானும் மணவறையில் நின்று தாரைவார்த்துக் கொடுப்பது என்று பெரியக்கா முடிவுசெய்திருந்தார். மச்சாள் மண்டபத்தில் முன்வரிசையில் வெள்ளைப் பட்டோடு இருந்தால் போதும். மகளோ, தன் கையைக் கொடுக்கும்போது தண்ணீர் வார்ப்பது அம்மாவாக இல்லாவிட்டால் மணவறைக்கு வரமாட்டேன் என்று ஆங்கிலத்தில் சொல்லி, பெரியக்காவுக்கு விளங்கவேண்டும் என்று தமிழில் இன்னொருமுறை சொன்னாள். கலியாணப் பேச்சு அந்த இடத்திலேயே நின்றுபோனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியக்கா மச்சாளின் வீட்டுக்கு வந்தார். நானும் இருந்தேன். சனம் என்ன கதைக்கும், மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள், செத்துப்போன தம்பிக்கு மரியாதை வேண்டாமா என்று வரிசையாகக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, நீயும் அவனுடைய சகோதரிதானே, சொல்லன் என்றார். நான் வாயைத் திறக்குமுன் மச்சாள் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். குரலை உயர்த்தாமல் பெரியக்காவிடம் சொன்னார்.

“நான் இண்டைக்கு மாறேல்லை, மச்சாள். உங்கடை கண்ணுக்கு முன்னாலைதான் கொஞ்சம் கொஞ்சமா மாறிக்கொண்டு வாறன். வெள்ளை, சாம்பல், சாம்பலிலை ஊதா, பிறகு ஊதா. எந்தப் படியிலை பிழை விட்டனான் எண்டு சொல்லுங்கோ. அந்தப் படியிலை போய் நிக்கிறன்.”

பெரியக்கா யோசித்தார். சாம்பல் சேலையைத் தானே மெச்சியது ஞாபகம் வந்திருக்கவேண்டும். “அந்தச் சாம்பல் நல்லாத்தான் இருந்தது” என்றார். அதற்குமேல் அவரால் ஒரு படியையும் பிழையென்று பிடிக்க முடியவில்லை.

கலியாணம் மார்க்கம் பக்கத்து மண்டபம் ஒன்றில் நடந்தது. மச்சாள் தங்கக்கரை போட்ட கடும் ஊதாப் பட்டு உடுத்திருந்தார். இங்கிலாந்தில் ஒரு காலம் அரச குடும்பத்தைத் தவிர வேறெவரும் அந்த நிறத்தில் பட்டு உடுக்கக்கூடாது என்று சட்டமே இருந்தது. பல நூறு வருடம் கழித்து, காய்ச்சலுக்கு மருந்து செய்யப்போன ஓர் இளம் மாணவனின் குடுவையில் தற்செயலாக ஊதாச் சாயம் வந்தது. அதற்குப் பிறகு அதைக் கடைக்காரியும் உடுத்தாள், கைம்பெண்ணும் உடுத்தாள். அன்றைக்கு நான் அதையெல்லாம் நினைக்கவில்லை. பெரியக்காவின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தான் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டார், ஐயர் செம்பை நீட்டினார். பெரியக்கா அதை வாங்கினார். ஒரு கணம் வைத்திருந்தார். பிறகு பக்கத்தில் நின்ற மச்சாளின் கையில் கொடுத்து, தன் முழங்கையால் அவரை மெல்ல முன்னே தள்ளினார். மச்சாள் ஒரு சொட்டும் வெளியே சிந்தாமல் தண்ணீர் வார்த்தார்.

மச்சாள் இப்போது யூனியன்வில்லில் மகள் வீட்டில் இருக்கிறார். மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, எது கிடைத்தாலும் உடுப்பார். செவ்வாய்க்கிழமை அந்த ஊதாக் கவுனை உறையிலிட்டு அனுப்பிவிட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். கவுன் படத்துக்குப் போகிறது என்றேன். ஆர் உடுக்கப்போகினம் என்று கேட்டார். புருஷனை இழந்த ஒரு பெண்ணாக நடிப்பவர் என்றேன்.

“அது கிடக்கட்டும். நீர் எந்தப் படியிலை நிக்கிறீர்?”

“வெள்ளையிலைதான், மச்சாள்.”

“வசந்தத்திலை போன மனிசன், இப்ப இலையும் கொட்டுது. சாம்பலுக்கு வாரும். அவசரமில்லை. ஆனா நிண்டிடாதையும்.”

நான் ஒழுங்குக்காரி. மேற்குக் கதவு வரைக்கும் எல்லாம் வரிசையாகத் தொங்கும் ஓர் இடத்தில் இத்தனை வருடம் வேலை செய்தவள். ஆனால் என் அலுமாரியில் ஒரே நிறத்தைத் தொங்கவிட்டு, மற்றப் பக்கத்தை மூடி வைத்திருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. தனியாக வாகனம் ஓட்டி வீடு திரும்பும்போது வலது பக்கத்தில் என்னென்ன இருக்கின்றன என்று மனதில் எண்ணிப் பார்த்தேன். ஒன்றும் மறந்துபோகவில்லை. கோடியில் ஒரு குங்குமச் சிவப்புச் சேலை. என் கணவர் எங்கள் இருபதாவது கலியாண நாளுக்கு வாங்கித் தந்தது.

புதன்கிழமை ஐந்தரைக்கு எழுந்தேன். தேநீருக்குத் தண்ணீர் வைக்குமுன், அலுமாரியின் வலது கதவைத் திறந்தேன். உடுப்புகளை வெளியே எடுத்து, சாம்பல் முன்னுக்கு, பிறகு ஊதா, பிறகு மற்றவை, கடைசியில் அந்தச் சிவப்பு என்று வரிசைப்படுத்தி மாட்டினேன். முதலாவதாகத் தொங்கிய சாம்பல் சட்டையை எடுத்து உடுத்திக்கொண்டேன்.