அப்பாவின் ஓய்வூதியமும் நான் மாற்றிச் சொன்ன பதிலும்

இன்று பள்ளிக்கூடம் போகவில்லை. அப்பாவுடன் ஓய்வூதியக் கந்தோருக்குப் போனேன். கடையில் கதைக்க அவருடைய நோர்வேஜியம் போதும். அலுவலகம், கந்தோர் என்றால் நான்தான் மொழிபெயர்ப்பாளர்.

அங்கிருந்த பெண் கணினியில் தட்டிப் பார்த்தார். அப்பா இப்போதே, அறுபத்திரண்டில், ஓய்வெடுத்தால் மாதப் பணம் குறையும், சாகும்வரை. குறையாமல் இருக்க அறுபத்தேழு வரை வேலை செய்யவேண்டும்.

"அவ்வளவுதானே? செய்வன் எண்டு சொல்லு பிள்ளை."

அப்பா ஒரு பாடசாலையில் துப்புரவு வேலை செய்கிறார். நாலு மாடி, லிப்ட் இல்லை. இன்னும் ஐந்து வருடம் அந்தப் படிகள்தான் விலை. கணினி அதைக் கேட்கவில்லை.

"உடம்பு எப்படி?" என்று அந்தப் பெண்தான் கேட்டார்.

"ஒரு குறையும் இல்லையெண்டு சொல்லு."

நான் சொன்னது வேறு: "முழங்கால் சரியில்லை. படியில் பின்பக்கமாகத்தான் இறங்குகிறார்."

"அப்படியென்றால் முதலில் வைத்தியரைப் பார்க்கட்டும். வேறு வழி இருக்கலாம். கடிதம் அனுப்புகிறேன்."

"என்னவாம்?" என்றார் அப்பா.

"கடிதம் வருமாம்."

வெளியே வந்த பிறகுதான் பயம் பிடித்தது. முழங்காலுக்கு நான் சொன்ன 'க்னே' அவருக்குத் தெரியாத சொல் அல்ல. ரயிலில் ஏச்சு விழும் என்று நாங்கள் இறங்கும் ரொம்சோஸ் வரை காத்திருந்தேன். விழவில்லை.

எங்கள் வீடு இரண்டாம் மாடி. அப்பா எப்போதும் படியால்தான் ஏறுவார்.

இன்று, "லிப்டிலை போவம்" என்றார்.

வீட்டில் யாருக்கும் சொல்லிவிடாதீர்கள். உங்கள் அப்பாமாரும் இப்படித்தான் விளங்காத மாதிரி நிற்கிறவர்களோ?