பின் சீட்டு இல்லாத அம்பாசடர்

எங்கள் பக்கத்து வீட்டு கென் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையிலும் தன் காரைக் கையால் தள்ளித்தான் ஷெட்டிலிருந்து வெளியே கொண்டுவருவார். துடைப்பார், மூடியைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்பார், அணைப்பார், மறுபடியும் கையால் தள்ளியே உள்ளே விடுவார். நன்றாக ஓடுகிற வண்டியை ஒரு மனிதர் ஏன் தள்ள வேண்டும்? திருட்டு வண்டியாக இருக்கலாம், வரி கட்டாததாக இருக்கலாம் என்று எனக்குள் இரண்டு மூன்று யோசனை ஓடியது. ஊரார் லண்டன் என்று சொல்லும் இந்த நாட்டுக்கு நூற்பாலை வேலைக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. கோவில்பட்டி மில்லில் நூலின் தரம் பார்த்து, இழை எண்ணிப் பழகிய கண். ஓர் இழை கூடினாலும் குறைந்தாலும் உறுத்தும். வந்து சேர்ந்த மில்லை மூடிவிட்டார்கள். அந்தக் கண்ணை மட்டும் யாரும் மூடச் சொல்லவில்லை.

என்னை உறுத்தியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த வண்டி அம்பாசடர். இங்கே அதற்கு மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் என்று பெயர். ஐம்பதுகளில் இவர்கள் ஓட்டி முடித்த உருவத்தைத்தான் நாம் வாங்கிக்கொண்டு இன்றைக்கும் செய்துகொண்டிருக்கிறோம். அதே தொப்பை முதுகு, அதே உருண்டை விளக்கு. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மதிய வெயிலில் நாலு கதவையும் திறந்து போட்டுக்கொண்டு நிற்குமே, அதேதான். ஒரு நாள் வேலி ஓரமாக எட்டிப் பார்த்தேன். பின் சீட்டைக் காணோம். சீட்டு இருந்த இடத்தில் இரும்புக் குழாய்களை வளைத்துக் கூண்டு கட்டியிருந்தது. கதவின் உள்பக்க மெத்தை, தரைவிரிப்பு, ஸ்டியரிங் நடுவில் இருக்க வேண்டிய ஹாரன் ஒன்றுமே இல்லை. ஸ்டியரிங் கழுத்தில் இருக்க வேண்டிய கியர் தண்டைத் தரைக்கு இறக்கியிருந்தார். வண்டி தரையோடு தாழ்ந்து, சினை மாடு படுத்த மாதிரி இருந்தது. ஊரில் இந்த வண்டியில் பதினோரு பேர் கல்யாணத்துக்குப் போயிருக்கிறோம் என்று கென்னிடம் சொன்னேன். நான் கேலி செய்கிறேன் என்று நினைத்து மரியாதைக்குச் சிரித்தார். இதில் ஓட்டுகிறவரும் பக்கத்தில் ஒருவரும்தான் என்றார். அப்படியானால் இதில் எங்கே போவீர்கள் என்று கேட்டேன். எங்கேயும் போவதில்லை, சுற்றி வருவோம் என்றார். அந்தப் பதில் எனக்குச் சரியாகப் படவில்லை.

நான் வண்டி விஷயத்தில் இவ்வளவு கவனமாக இருந்ததற்குக் காரணம் என் சாவி என்னிடம் இல்லாததுதான். அந்தக் குளிர்காலத்தில், பேத்தி கயலைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது, பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருக்கும் இறக்கத்தில் என் சின்னக் கார் வழுக்கிச் சுழன்று புதர்வேலியில் பின்புறமாகப் போய் ஏறியது. யாருக்கும் கீறல் இல்லை. கயல் இன்னொரு தடவை என்று கேட்டாள். வீட்டுக்கு வந்ததும் என் மருமகள் வசந்தா சாவியை வாங்கிக்கொண்டாள். கடம்பூர்ப் பெண், சத்தம் போடத் தெரியாது.

"மாமா, ஒங்க மேல கோவமில்ல. பிள்ளைய நெனச்சாத்தான் பயமா இருக்கு. கொஞ்ச நாளைக்கு நானே கொண்டுபோய் விட்டுக்கிடுதேன்."

கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று அவள் சொல்லவில்லை. மகன் முதியோருக்கான பஸ் அட்டை வாங்கி மேஜையில் வைத்தான். பனி உருகுவதற்குச் சாலையில் உப்புத் தூவாத முனிசிபாலிட்டி மேல் எனக்குச் சந்தேகம். டயர் விற்ற கடைக்காரன் மேல் சந்தேகம். ஒரு சாக்குக்காகக் காத்திருந்தார்களோ என்று மகன் மேலும் மருமகள் மேலும்கூடச் சந்தேகம். ஊரில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எங்கள் வீட்டில் கயல் தமிழ் பேசுவது அந்தக் காருக்குள் மட்டும்தான். வீட்டுக்குள் டெலிவிஷன் இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் சிநேகிதிகள் இருக்கிறார்கள். காருக்குள் தாத்தாவைத் தவிர வேறு யாரும் இல்லாததால் வேறு வழியில்லாமல் தமிழில் பேசுவாள். சாவி போனதோடு அந்தப் பேச்சும் போயிற்று. அதற்குப் பிறகு கூப்பிட்டால் 'வாட்' என்றாள்.

இந்த நேரத்தில்தான் கென் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, என்னோடு விமானத் திடலுக்கு வா, என் வண்டியை ஓட்டிப் பழகு என்றார். சண்டைக் காலத்தில் கட்டிப் பிறகு கைவிட்ட திடலாம். பழைய வண்டிகளை மாற்றிக் கட்டி வைத்திருப்பவர்கள் அதை ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்துச் சுற்றுவார்களாம். டிராக் டே என்று பெயர். பந்தயம் இல்லை, பரிசு இல்லை. ஈரத்தில் வண்டி வழுக்கினால் என்ன செய்வது என்று அங்கே கற்றுக்கொள்ளலாம், மோதுவதற்கு அங்கே ஒன்றும் கிடையாது என்றார். பதினைந்து வருடம் பாடுபட்டுக் கட்டிய வண்டியை, புதர்வேலியில் ஏறியவனிடம் ஒருவர் தானாக வந்து எதற்குக் கொடுக்க வேண்டும்? என் மகன் சொல்லிவைத்து, அங்கே நான் தோற்றால் தானாகவே ஓய்ந்துவிடுவேன் என்ற ஏற்பாடோ? இந்தச் சந்தேகம் இன்னும் எனக்கு முழுதாகத் தீரவில்லை. ஆனாலும் போனேன். நாள் முழுக்க ஒரே சட்டையோடு வீட்டு வாசலில் காவலாளி மாதிரி உட்கார்ந்திருப்பதைவிட அது மேல் என்று என் மனைவியும் சொன்னாள். போகும்போது ஓர் எலுமிச்சம்பழத்தை என் கோட்டுப் பையில் போட்டாள்.

வண்டியை ஒரு டிரெய்லரில் ஏற்றி, கென்னின் நண்பர் ஒருவர் இழுத்து வந்தார். கென் ஓட்டவில்லை, அதையும் மனதில் குறித்துக்கொண்டேன். திடலைப் பார்த்ததும் ஒரு கணம் ஊரில் புதூர்ப் பக்கம் இறங்கிவிட்டதாக நினைத்தேன். அறுவடை முடிந்து காய்ந்த பருத்தி மாரையும் பிடுங்கிய பிறகு கரிசல் காடு எப்படி இருக்குமோ அப்படி, கண்ணுக்கு எட்டிய தூரம் மரமே இல்லாமல், காற்று மட்டும் போய்க்கொண்டிருந்தது. மேலே மழைத் தூறல், கீழே பழைய சிமென்ட். செத்தால் யாரும் பொறுப்பில்லை என்ற காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். யாரோ தலையில் போட்டிருந்த ஹெல்மெட்டை என் தலையில் மாட்டினார்கள். நான் யாரும் பார்க்காதபோது எலுமிச்சம்பழத்தை முன் சக்கரத்துக்குக் கீழே வைத்தேன். வண்டியை வரிசைக்குத் தள்ளியபோது அது நசுங்கியது. வண்டியைச் சோதிக்க வந்தவர் டயரில் வழிந்த சாற்றைக் கண்டு, ஏதோ ஒழுகுகிறது என்று குனிந்து தொட்டு மோந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கென்னைப் பார்த்தேன். சோதிக்க வந்தவர் தன் காகிதத்தில் ஏதோ எழுதிக்கொண்டு போனார். நான் மட்டும் சந்தேகப்படுகிறவன் இல்லை என்று அப்போது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

கதிரை மிதித்துச் சூடடிக்கிற களத்தில் பிணையல் மாடு சுற்றுவதுபோலக் கிழவர்கள் சுற்றிக்கொண்டிருந்தார்கள். புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருவதற்கு இவ்வளவு பெட்ரோலா என்று வயிறு எரிந்தது. முதல் சில சுற்றில் எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள். யாரும் ஹாரன் அடிக்கவில்லை. அடிக்க அங்கே ஹாரன் இல்லை என்பது தெரிந்தும், சொல்லாமல் பின்னால் வருகிறவனை என்னால் நம்ப முடியவில்லை. கென் இடது பக்கம் உட்கார்ந்து, கண்ணை ஏறக்குறைய மூடிக்கொண்டிருந்தார். கொஞ்சம் துணிச்சல் வந்ததும் வேகம் கூட்டினேன். மூன்றாவது வளைவுக்கு முன்னால் தரை லேசாக இறங்கும். அதில் இறங்கி, வளைவுக்குள் திரும்பினேன். அடுத்த நொடி, வண்டியின் முதுகு எனக்கு முன்னால் போயிற்று. வானம், புல், வானம், புல் என்று சுழன்று, வந்த வழியைப் பார்த்து நின்றோம். வேலியில் ஏறிய அதே சுழற்சி. உப்புத் தூவாத முனிசிபாலிட்டி இங்கே இல்லை. டயரும் வேறு கடை டயர். வயதுதான் காரணமென்றால் சாவியை இனிமேல் கேட்க வாயில்லை.

கென் திட்டவில்லை. வளைவுக்கு முன்னால் எஞ்சின் சத்தம் ஏன் செத்தது என்று மட்டும் கேட்டார். செத்துப் பிறகு வளைவுக்குள் வந்ததும் திடீரென்று ஏன் அலறியது, உன் கை எங்கே போயிற்று என்றார். நான் என் இடது கையைப் பார்த்தேன். அது கியர் தண்டின் மேல் இருந்தது.

எழுபத்தைந்தில் விடுப்பில் ஊருக்குப் போனபோதுதான் நான் கார் ஓட்டப் படித்தேன். இங்கே லைசென்ஸ் பரீட்சைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தாலே எனக்கு வியர்க்கும். ஊரில் பழகிக்கொண்டு வந்துவிடலாம் என்று கணக்கு. என் மனைவியின் தம்பி சண்முகையா கோவில்பட்டியில் வாடகைக்கு அம்பாசடர் ஓட்டினான். எட்டயபுரம் சாலையில் என்னை ஓட்டவிடுவான். பெட்ரோல் விலை ஏறிய சமயம். ஓடைப் பாலத்துக்குச் சாலை இறங்கும் இடம் வந்ததும் என் கையைத் தட்டுவான்.

"அத்தான், இறக்கத்துல எதுக்கு பெட்ரோல குடிக்க விடுதீங்க? நூட்ரல்ல தள்ளுங்க. பூமி இழுத்துக்கிட்டுப் போவும். பூமிக்கு நாம துட்டா குடுக்கோம்?"

அவன் மட்டுமல்ல, அந்த ஸ்டாண்டில் இருந்த அத்தனை பேரும் அப்படித்தான் ஓட்டினார்கள். சிலர் எஞ்சினையே அணைத்துவிடுவார்கள். இறக்கம் என்று கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கை கியரைக் கழற்றிவிட வேண்டும். இறக்கம் முடிந்து வேகம் குறைந்ததும் திரும்பப் போட வேண்டும். இதை லாவகமாகச் செய்கிறவன்தான் டிரைவர். அந்தக் காய்ந்த தார்ச்சாலையில், நேரான சாலையில், அது ஒன்றும் செய்யவில்லை. ஈரத்தில், வளைவுக்குள், வேகம் இருக்கும்போது கியரைப் பட்டென்று திரும்பப் போட்டால் பின் சக்கரம் ஒரு கணம் கட்டிப் போட்டதுபோல் நின்றுவிடும் என்று கென் விளக்கினார். நான் நியூட்ரல் கதையைச் சொன்னதும் ரொம்ப நேரம் சிரித்தார். சிரித்து முடித்து, பள்ளிக்கூட இறக்கத்திலும் இப்படித்தானா என்று கேட்டார். அங்கே பனி, இங்கே மழை. கை ஒரே கை.

அப்போது ஓரத்தில் நின்ற ஒருவர் எங்களை நோக்கிக் கொடி ஆட்டினார். அது என்ன நிறம் என்று கென் கேட்டார். நூறடி தூரத்தில் இருக்கிறது, மஞ்சள் என்றேன். சொன்ன பிறகுதான் அவர் ஏன் கேட்டார் என்று எனக்கு உறைத்தது. தள்ளிக்கொண்டு வந்த வண்டி, டிரெய்லர், மூடிய கண், சத்தத்தை வைத்துப் பிழை கண்டுபிடித்தது எல்லாம் ஒரே நூலில் வந்து விழுந்தன. எத்தனை நாளாகக் கண் இப்படி என்று கேட்டேன். போன இலையுதிர் காலத்திலிருந்து என்றார். லைசென்ஸைத் தானே திருப்பிக் கொடுத்துவிட்டாராம். தன் மகளுக்குத் தெரியாதாம்; தெரிந்தால் வண்டியை விற்றுவிடுவாள். யாராவது ஓட்டினால் பக்கத்தில் உட்காரலாமே என்று பார்த்தேன், நீ வேலியில் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாய் என்றார். ஆறு மாதமாக நான் தேடிய சூழ்ச்சி இவ்வளவுதான்.

மிச்ச நேரம் முழுவதும் அவர் சொல்ல, நான் ஓட்டினேன். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறை, கியரிலேயே இரு, உள்ளே போனதும் காலை எடுத்துவிடாதே, கொஞ்சம் பெட்ரோல் எரியட்டும். பெட்ரோல் எரிய எரியத் திரும்புவது எனக்குச் சோற்றைக் கொட்டிக்கொண்டே சாப்பிடுவதுபோல இருந்தது. இரண்டு தடவை மறுபடியும் சுழன்றோம். மாலையில் அந்த மூன்றாவது வளைவை வண்டி ஒரு முனகலோடு முழுசாகத் திரும்பியபோது கென் தன் தொடையில் தட்டிக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்தால் ஓட்டியது அவர்தான் என்று யாரும் சொல்வார்கள். பின் சீட்டு இல்லாத அந்த வண்டியில் எனக்கு ஒரு கணம் கல்யாணக் கூட்டம் ஏறியிருப்பதுபோல இருந்தது.

நடந்ததை வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவிக்குத்தான் கோபம் வந்தது.

"எந் தம்பிய ஒண்ணும் சொல்லாதிய. அவன் வண்டில ஒரு கோழி அடிபட்டது கெடையாது."

வசந்தா உடனே சாவியைத் தரவில்லை. அடுத்த குளிர்காலம் வந்து பனி விழும்வரை காத்திருந்தாள். பனி விழுந்த காலையில், முதல்ல என்னைய கூட்டிட்டுப் போங்க மாமா என்று தானே பக்கத்தில் ஏறினாள். இறக்கம் முழுவதும் அவள் சாலையைப் பார்க்கவில்லை, என் கையையே பார்த்தாள். வண்டி கியரிலேயே, முனகிக்கொண்டு, ஒரு சாண் விலகாமல் இறங்கியது. கீழே வந்ததும் சாவியில் கோத்திருந்த தன் வளையத்தை மட்டும் கழற்றிக்கொண்டு, "நாளைக்கு நீங்களே கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

போன மாசியில் ஊருக்குப் போயிருந்தேன். சண்முகையா தலை நரைத்துவிட்டான். அம்பாசடர் வேறு, ஆனால் அதே வெள்ளை. எட்டயபுரம் சாலையில் என்னை ஓட்டச் சொன்னான். ஓடைப் பாலத்துக்குக் கியரிலேயே இறங்கினேன். எஞ்சின் முனகியது. பின் சீட்டில் இருந்த ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"லண்டனுக்குப் போயி அத்தான் துட்ட எரிக்கப் படிச்சிட்டு வந்திருக்காவ," என்றான் சண்முகையா. பின்னால் ஒரே சிரிப்பு.

எனக்கு வெட்கமாகப் போயிற்று. கையை நீட்டி நியூட்ரலில் தள்ளினேன். எஞ்சின் அடங்கியது. இருபுறமும் வெடித்துக் கிடந்த கருப்பு மண்ணுக்கு நடுவே வண்டி சத்தமில்லாமல் தானாகப் போயிற்று. காற்று மட்டும் கேட்டது. பொய் சொல்வானேன், சுகமாக இருந்தது.

திரும்பி வந்த மறுநாள் காலை கயலைக் கூட்டிக்கொண்டு போனேன். பனி இல்லை, ஈரம் மட்டும். தாத்தா, ஊரில் ஆடு பார்த்தாயா, எத்தனை பார்த்தாய் என்று தமிழில் கேட்டுக்கொண்டே வந்தாள். நானும் எண்ணிச் சொல்லிக்கொண்டே வந்தேன். இறக்கத்தின் உச்சியில் பேச்சை நிறுத்தினாள். அவள் அம்மா சொல்லி வைத்திருக்கிறாள் போலிருக்கிறது.

"தாத்தா, கை," என்றாள்.

குனிந்து பார்த்தேன். உடம்பில் மற்றதெல்லாம் இந்த ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டிருந்தது. இடது கை மட்டும் கியர் தண்டைப் பிடித்துக்கொண்டு, ஓடைப் பாலத்துக்கு இறங்கத் தயாராக இருந்தது.